காட்சி காணவில்லை: மார்க் ரோமனெக் டிவிடியும் நானும்

நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'க்ளோஸர்' பாட்டு வீடியோவை நான் முதலில் பார்த்தது 2003-ல், காலேஜ் ஹாஸ்டலில். யாரோ எங்கிருந்தோ சிடியில் ஏற்றிக்கொண்டு வந்த ஃபைல். திரையில் படம் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும். ஒரு நாற்காலியில் இதயம் மாதிரி ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் திடீரென்று படம் போய், 'சீன் மிஸ்ஸிங்' என்று ஓர் அட்டை வந்தது. மறுபடி படம். இன்னோர் இடத்தில் சத்தம் அறுந்து, படம் சிக்கி நின்று, பிறகு நகர்ந்தது. "ஃபைல் கரப்ட்டுடா" என்றான் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன். சிடியைப் பனியனில் துடைத்துத் துடைத்து மூன்று தடவை காப்பி பண்ணினோம். மூன்று தடவையும் அதே இடத்தில் அதே அட்டை.

ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரியப் பல வருடம் ஆயிற்று. நாங்கள் பார்த்தது டிவிக்காக வெட்டிய பதிப்பு. காட்ட முடியாத ஷாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'காட்சி காணவில்லை' என்ற அட்டையை வைத்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் பழைய ஃபிலிம் ப்ரொஜெக்டரில் மாட்டிக்கொண்டதுபோல படத்தையே நிறுத்தியிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட தழும்பை மறைக்காமல் அதையும் படத்தின் அழுக்கோடு அழுக்காகச் சேர்த்துவிட்டார்கள். நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவன். இதைக் கேட்டதும் அந்த ஆள்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்த ஆள் மார்க் ரோமனெக். சிகாகோக்காரர், 1959-ல் பிறந்தவர். அவருடைய மியூசிக் வீடியோக்களைத் தொகுத்து 2005-ல் பாம் பிக்சர்ஸ் கொண்டுவந்த டிவிடியைத்தான் இப்போது, இருபது வருடம் தாமதமாக, வாங்கியிருக்கிறேன். 'டைரக்டர்ஸ் லேபிள்' என்று ஒரு வரிசை. 2003-ல் ஸ்பைக் ஜோன்ஸ், கிறிஸ் கன்னிங்ஹாம், மிஷெல் கோன்ட்ரி என்று மூவருக்குத் தலா ஒன்று. 2005-ல் ரோமனெக், ஜோனதன் கிளேசர், அன்டன் கோர்பைன், ஸ்டெஃபான் செட்னாவுய் என்று நான்கு. அத்தோடு வரிசை நின்றுவிட்டது. ரோமனெக்குடையது நான்காவது.

பழைய சரக்கு விற்கும் ஒருவரிடம் ஆன்லைனில் தபால் செலவோடு 1,850 ரூபாய் கொடுத்தேன். 'புதிது போலவே இருக்கும்' என்று போட்டிருந்தார். வந்த தட்டின் முதுகில் பூனை பிறாண்டியதுபோல இரண்டு கோடு. 'தி பெர்ஃபெக்ட் ட்ரக்' என்ற பாட்டு பாதி ஓடும்போது படம் அப்படியே நின்றது. இதுவும் இயக்குநர் வைத்த விளையாட்டாகத்தான் இருக்கும் என்று ஒரு நிமிடம் ரசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வேட்டி ஓரத்தால் துடைத்துப் போட்டபின் ஓடியது. கூடவே வந்த சின்னப் புத்தகம் நல்ல தாளில், மடங்காமல் இருந்தது. அதற்காக விற்றவரை மன்னித்தேன்.

முதலில் 'க்ளோஸர்' பற்றியே சொல்கிறேன். வெட்டுப்படாத பதிப்பு இதில் இருக்கிறது. 1994-ல் வந்த 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் பாட்டு, நைன் இன்ச் நெயில்ஸ். அப்போது அந்தப் பெயரில் பெரும்பாலும் ஒரே ஆள்தான், ட்ரெண்ட் ரெஸ்னர். வீடியோவில் கதை என்று ஒன்றும் கிடையாது. நூறு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியின் ஆய்வகத்துக்குள் போய் எடுத்துவந்த ஃபிலிம் சுருள் மாதிரி இருக்கும். சிலுவையில் கட்டிய குரங்கு. இயந்திரத்தில் சுற்றும் பன்றித் தலை. சிலுவை முகமூடி மாட்டிய மொட்டைத்தலைப் பெண். தோல் உடையில், கண்ணைக் கட்டி, சங்கிலியில் தொங்கும் ரெஸ்னர். விமானியின் கண்ணாடி போட்டுக்கொண்டு எதிர்க்காற்றில் பின்னால் தள்ளப்படும் ரெஸ்னர்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் பன்றித் தலையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான். "சாப்பிடற நேரத்துலதான் இதைப் போடணுமா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த இதயம்தான். நாற்காலியில் கருவி மாட்டி வைத்த இதயம், பாட்டின் டிரம் அடிக்கும்போதெல்லாம் ஒரு துளி ஆவியை விட்டுத் துடிக்கிறது. அந்த டிரம் சத்தமே இக்கி பாப்பின் 'நைட்கிளப்பிங்' பாட்டிலிருந்து எடுத்து உருமாற்றியது. இரும்புக் கதவை மூடுகிற மாதிரி ஒரு அடி. அடியும் துடிப்பும் துல்லியமாகச் சேர்கிற அந்த இரண்டு விநாடியை டைம்லைனில் போட்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு ஃப்ரேம் முன்னே பின்னே இருந்தால் அது ரப்பர் பொம்மையாகிவிடும். சரியாக விழுவதால் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது.

படத்தின் நிறம், கீறல், ஓரங்களில் கருகல். இப்போது நான் வேலை பார்க்கும் மென்பொருளில் ஒரு சொடுக்கில் இதெல்லாம் வந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் 'பழைய படம் மாதிரி ஒரு எஃபெக்ட் போடுங்க தம்பி' என்பார்கள், போட்டுக் கொடுப்பேன். எல்லாக் கல்யாணத்திலும் ஒரே கீறல், ஒரே இடத்தில். ரோமனெக்கின் ஒளிப்பதிவாளர் ஹாரிஸ் சாவிடஸின் கீறலுக்குப் பின்னால் ஒரு படிப்பு இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜோயல் பீட்டர் விட்கின் நெகட்டிவையே ஊசியால் கீறி, சுரண்டி, பிணங்களையும் முகமூடிகளையும் பழைய தேவாலய ஓவியம்போல ஆக்குகிறவர். இந்த வீடியோ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. பொம்மைகளை அசைத்துப் படமெடுத்த குவே சகோதரர்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டது உண்டு. இரவல் வாங்கியதை ரோமனெக் கூச்சமில்லாமல் உடுத்திக்கொள்கிறார். இரவல் நகை போட்டு வந்தாலும் அது பொருந்தும் கழுத்து என்று சிலருக்கு இருக்கும் இல்லையா, அந்த ரகம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த வீடியோவைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் எடுத்து வைத்திருக்கிறது. டிவியில் ஓட்டை விழுந்து ஓடியது அருங்காட்சியகத்தில் முழுசாக இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் எனக்கு ஒவ்வவில்லை. அந்தக் குரங்கு. மற்ற எல்லோரும் சம்பளம் வாங்கி, சம்மதித்து வந்து நின்றவர்கள். குரங்கு இங்கும் அங்கும் பார்க்கிறது. யாரிடமோ ஏதோ கேட்கிற மாதிரி ஒரு பார்வை. இருட்டு, பாவம், மதம் என்று வீடியோ என்னென்னவோ சொல்ல முயல்கிறது. என் கண் அந்த ஷாட்டில் அந்தப் பிராணியிடமே நின்றுவிடுகிறது.

இந்த ஆல்பம் பதிவான இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸில் சியெலோ டிரைவ் என்ற தெருவில் ஒரு வீடு. 1969-ல் நடிகை ஷரன் டேட்டையும் உடனிருந்தவர்களையும் சார்லஸ் மேன்ஸன் என்பவனின் கும்பல் கொன்றது அங்கேதான். ரெஸ்னர் அதை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ போட்டு 'ல பிக்' என்று பெயரும் வைத்தார். கொலைகாரர்கள் கதவில் ரத்தத்தால் எழுதிவிட்டுப் போன சொல் அந்த 'பிக்', பன்றி. பின்னால் ஒருநாள் ஷரன் டேட்டின் தங்கை அவரை நேரில் கேட்டுவிட்டார்: என் அக்காவின் சாவை வைத்துப் பிழைக்கிறாயா என்கிற அர்த்தத்தில். அன்றுதான் தனக்கு உறைத்தது என்று ரெஸ்னரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பன்றித் தலை சுற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தங்கை நினைவுக்கு வருகிறார். இந்த மாதிரி வீடியோக்களில் இருட்டு எங்கே வேஷம், எங்கே நிஜம் என்று பிரிப்பது எடுத்தவர்களுக்கே கஷ்டம்தான் போல.

காவல்துறைக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. இதே ரெஸ்னரின் முதல் பாட்டு 'டவுன் இன் இட்', 1989. இது ரோமனெக் எடுத்ததல்ல. சிகாகோவில் படப்பிடிப்பு. கட்டடத்திலிருந்து விழுந்து செத்தவர்போல ரெஸ்னர் தெருவில் கிடக்க வேண்டும்; மேலே எழும்புகிற ஷாட்டுக்காக கேமராவை பலூன்களில் கட்டிவிட்டார்கள். இன்றைய டிரோனுக்குத் தாத்தா. கயிறு அறுந்து, கேமரா பறந்து, பக்கத்து மாநிலமான மிச்சிகனில் ஒரு விவசாயியின் வயலில் போய் விழுந்தது. அவர் எடுத்துப் போலீசில் கொடுத்தார். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் முகத்தில் ஏதோ பூசிய ஒருவன் செத்துக் கிடக்கிறான். நிஜக் கொலையைப் படமெடுத்திருக்கிறார்கள் என்று எஃப்பிஐ வரை போய், ஒரு வருடத்துக்கும் மேல் விசாரணை. கடைசியில் பிணம் உயிரோடுதான் இருக்கிறது, அதுவும் மேடையில் பாடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். என் ஹாஸ்டல் நண்பனும் எஃப்பிஐயும் ஒரே ஜாதி. படத்தில் பார்த்த கோளாறை நிஜம் என்று நம்பியவர்கள்.

இந்தத் தட்டில் இல்லாத இன்னொரு வீடியோவையும் இங்கே இழுக்க வேண்டியிருக்கிறது. கத்தரிக்கோல் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட மோசமான உதாரணம் கிடையாது. பேர்ல் ஜாம் என்ற ராக் குழுவின் 'ஜெரமி', இயக்கியவர் மார்க் பெல்லிங்டன், 1992. வகுப்பறையில், சக மாணவர்கள் முன்னால் தன்னையே சுட்டுக்கொள்ளும் ஒரு பையனைப் பற்றிய பாட்டு. டெக்சாஸில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து வந்தது. பெல்லிங்டன் எடுத்த பதிப்பில் பையன் துப்பாக்கியை வாயில் வைப்பது தெரியும். பாட்டு வீடியோக்களை ஓட்டும் எம்டிவி சேனல் அதை வெட்டச் சொன்னது. வெட்டியபின் திரையில் மிஞ்சியது என்ன? பையனின் முகம் நெருக்கத்தில் கொஞ்ச நேரம், உடனே ரத்தம் தெறித்து உறைந்து நிற்கும் மாணவர்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் அவன் வகுப்பையே சுட்டுத் தள்ளிவிட்டான் என்று புரிந்துகொண்டார்கள். தற்கொலையைக் காட்டக் கூடாது என்று வெட்டி எறிந்த ஒரு ஷாட், செத்தவனைக் கொலைகாரனாக ஆக்கிவிட்டது. 1993-ல் எம்டிவி அந்த ஆண்டின் சிறந்த வீடியோ என்று அதற்கே விருதும் கொடுத்தது. அப்புறம் ஆறு வருடம் பேர்ல் ஜாம் வீடியோ பக்கமே வரவில்லை. வெட்டாத பதிப்பு அதிகாரபூர்வமாக இணையத்துக்கு வந்தது 2020-ல்தான்.

என் தொழிலிலும் இது உண்டு. போன மாதம் ஒரு வீட்டில், கல்யாணம் முடிந்த கையோடு சண்டை போட்டுப் பிரிந்த பெரியப்பாவை வீடியோவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். ஆனால் மாலை எடுத்துக் கொடுக்கும் ஷாட்டில் அவர் கை மட்டும் நிற்கிறது. அதை வெட்டினால் மாலை மாற்றுவதே போய்விடும். யாருடைய கை அது என்று இனி அந்த வீட்டுக் குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ரோமனெக் அட்டையை வைத்தாரே, அது நேர்மை. பெரியப்பா இருந்த இடத்தில் நானும் ஒரு அட்டை வைத்திருக்கலாம். காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, தட்டுக்கு வருவோம். பாடகி ஃபியோனா ஆப்பிளின் 'கிரிமினல்', 1997. கீழ்த்தள வீடு, அழுக்குக் கம்பளம், யார் யாரோ தூங்கிக் கிடக்கும் உடல்கள், நடுவில் பத்தொன்பது வயதுப் பெண். கல்யாண ஃபோட்டோகிராஃபர் நேர் எதிரில் நின்று ஃப்ளாஷ் அடித்தால் முகம் வெளுத்து, பின்னால் இருட்டு அப்பிக்கொள்ளுமே, அந்த வெளிச்சம். இதற்கும் ஒளிப்பதிவு சாவிடஸ்தான். எம்டிவியின் ஒளிப்பதிவு விருது கிடைத்தது. போதைக்கு அழகு பூசுகிறது, சின்னப் பெண்ணைக் காட்டும் விதம் சரியில்லை என்று அப்போதே சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் நான் பெரும்பாலும் குற்றம் சொன்னவர்கள் பக்கம். பாட்டு அவளுடைய குற்ற உணர்ச்சியைப் பற்றியது. கேமரா அதைக் கேட்கிற மாதிரி தெரியவில்லை. ஆனாலும் வெளிச்சத்தை மூன்று தடவை பார்த்தேன். பார்க்க வைத்துவிட்டுக் கேள்வியும் கேட்க வைப்பது அந்த ஆளுடைய சாமர்த்தியம்.

'தி பெர்ஃபெக்ட் ட்ரக்' எட்வர்ட் கோரியின் கோட்டோவியங்கள் மாதிரி அலங்காரமான துக்கம். அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். தட்டு அந்த இடத்தில் சிக்கியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கான்ட் ஸ்டாப்' தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடும் ஜாலி. அதற்கும் இருட்டுக்கும் சம்பந்தமில்லை. ராப் பாடகர் ஜே-ஸீயின் '99 ப்ராப்ளம்ஸ்' (2004) ராக் இல்லை என்று சொல்வார்கள். கிடாரைக் கேட்டால் ராக்தான். புரூக்ளின் தெருக்கள் கறுப்பு வெள்ளையில், கடைசியில் பாடகரே சுட்டு வீழ்த்தப்படுகிறார். எம்டிவி எச்சரிக்கை போட்டு ஓட்டியது. அந்தப் பாட்டைத் தயாரித்த ரிக் ரூபின் என்ற தாடிக்காரர் வீடியோவிலும் வந்து போகிறார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வீடியோவுக்கும் அவர்தான் காரணம்.

'ஹர்ட்'. இதுவும் ரெஸ்னர் எழுதிய பாட்டு, 'க்ளோஸர்' இருக்கும் அதே ஆல்பத்தில் கடைசியாக வருவது. 2002-ல் ரூபின் தயாரிப்பில் ஜானி கேஷ் இதைத் தன் குரலில் பாடினார். அமெரிக்க நாட்டுப்புற இசையின் பெரிய மனுஷன், கறுப்பு உடைக்காரர், சிறைச்சாலைகளுக்குள் போய்க் கைதிகளுக்குப் பாடியவர். அப்போது வயது 70, உடம்பு தளர்ந்துவிட்டது. ரோமனெக் டென்னசிக்குப் போய் ஹென்டர்சன்வில்லில் அவர் வீட்டிலும், அவருக்கென்றே இருந்த 'ஹவுஸ் ஆஃப் கேஷ்' என்ற அருங்காட்சியகத்திலும் எடுத்தார். அது அப்போது மூடிக் கிடந்தது. இடிந்து, தூசி பிடித்து, உடைந்து கிடந்ததை அப்படியே எடுத்துவிட்டார்கள். பழைய ஃபிலிம்களையும் தோண்டி எடுத்தார்கள்: ரயிலில் போகும் கேஷ், சிறையில் பாடும் கேஷ், வளர்ந்த ஊர் வீட்டு வாசலில் நிற்கும் கேஷ்.

இதை நான் அப்பாவோடு பார்த்தேன். திட்டமிட்டு இல்லை. அவர் செய்தி பார்க்க வந்தார், தட்டு ஓடிக்கொண்டிருந்தது, உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலப் பாட்டு அவருக்கு ஒரு வரி புரியாது. மேஜை நிறைய விருந்து: இறைச்சி, பழம், மீன் வகையறா. தொடுவார் இல்லை. கேஷ் கிடாரோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒயின் கிண்ணத்தை எடுக்கிறார். கை நடுங்குகிறது. சாப்பாட்டின்மேல் ஊற்றுகிறார், மெதுவாக, மேஜை ஓரம் வரைக்கும்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். காலையில் அப்பா டபராவில் காபி ஆற்றும்போது பார்க்கிற கை. முன்பெல்லாம் ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றுவார், துளி சிந்தாது. இப்போது டம்ளரை டபராவோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆற்றுகிறார். இந்த ஷாட்டை ரோமனெக் நீட்டி வைத்திருக்கிறார். அவசரமாக வெட்டத் தெரிந்த ஆள், வெட்டாமல் விட்டிருக்கிறார்.

பின்னால் படிக்கட்டில் ஒரு வயதான அம்மாள் வந்து நின்று கேஷைப் பார்க்கிறார். ஒன்றும் செய்வதில்லை, சும்மா பார்க்கிறார்.

"அது அவர் பொண்டாட்டியாடா?"

"ஆமாம்ப்பா. ஜூன்னு பேரு. அவங்களும் பாடகிதான்."

பாட்டு வேகம் பிடித்து, பியானோ ஒரே சுரத்தை ஆணி அடிப்பதுபோல அடிக்க, பழைய படங்கள் மளமளவென்று வெட்டுப்படுகின்றன. நடுவில் இயேசுவைச் சிலுவையில் அறைகிறார்கள். அது கேஷே 1973-ல் எடுத்த 'தி காஸ்பல் ரோட்' படத்தின் காட்சி. அசல் பாட்டில் கிரீடத்தைப் பற்றி வரும் ஒரு கெட்ட வார்த்தையை மாற்றி, முட்கிரீடம் என்று பாடியிருக்கிறார் கேஷ். பக்திமான். இரண்டு வீடியோவிலும் சிலுவை இருக்கிறது. முதலாவதில் குரங்கைக் கட்டினார்கள், டிவிக்காரர்களுக்கு வேலை வந்தது. இதில் நிஜமான பக்தர் நிஜமான ஆணியைக் காட்டுகிறார், யாரும் ஒரு ஃப்ரேமைத் தொடவில்லை. எனக்கு இரண்டில் எது கொடூரம் என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது. அதிலும் கடைசி ஷாட்: பியானோ மூடியைச் சாத்திவிட்டு அதன்மேல் இரண்டு கையையும் வைத்துத் தடவிக்கொடுக்கிறார். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

ஓடி முடிந்தது. அப்பா ரிமோட்டைக் கேட்கவில்லை.

"இருக்காரா?"

"இல்லப்பா. 2003-லேயே போயிட்டார். செப்டம்பர்ல. அந்த அம்மா மே மாசமே."

"முன்னாடியே போயிட்டாளா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுமங்கலியா போயிருக்கா" என்றார். எங்கள் வீட்டில் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் அடுத்த பாட்டுக்குப் போகாமல் மெனுவிலேயே நிறுத்தி வைத்தேன்.

இதன் ஒளிப்பதிவாளர் ஜான் ஈவ் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுக்காரரும் 2003 ஏப்ரலில் இறந்துவிட்டார் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. அந்த வருடம் எம்டிவியில் ஒளிப்பதிவு விருது இந்த வீடியோவுக்குத்தான். வாங்க அவர் இல்லை. அடுத்த வருடம் கிராமியும் கிடைத்தது. வீடியோவைப் பார்த்த ரெஸ்னர், இனி இது தன் பாட்டே இல்லை என்கிற மாதிரி சொன்னார். எழுதியவன் வாயாலேயே வந்த விமர்சனம், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

இனிக் குறைகள். படத்தின் தரம் 2005-ஆம் வருடத்து டிவிடி தரம்தான். எங்கள் 43 அங்குல டிவியில் இருட்டான பகுதிகள் சேறாகத் தெரிகின்றன, அதுவும் இந்தத் தட்டில் முக்கால்வாசி இருட்டு. 'க்ளோஸர்' அழுக்கிலேயே பிறந்தது, தப்பித்துவிடுகிறது. 'கிரிமினல்' அடிவாங்குகிறது. பழைய குழாய் டிவி யாராவது வைத்திருந்தால் அதில் போட்டுப் பாருங்கள், வேறு வீடியோ மாதிரி இருக்கும். ரோமனெக் பேசும் கமென்டரி நன்றாக இருக்கிறது. தன் வேலையை அளந்து, தவறையும் சொல்கிற குரல்.

இந்த வரிசையின்மேல் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஏழு தட்டு, ஏழும் ஆண்கள். மர்லின் மேன்ஸன் என்ற பாடகரின் 'தி பியூட்டிஃபுல் பீப்பிள்' (1996) எடுத்த ஃப்ளோரியா சிஜிஸ்மோண்டி எங்கே? டொரன்டோவில் கைவிடப்பட்ட பழைய சாராய ஆலைக்குள் நுழைந்து, பொய்க்கால்கள், பல் மருத்துவக் கருவிகள், நடுங்கும் கேமரா என்று ஒரு முழு உலகத்தைக் கட்டியவர் அவர். அந்தப் பாடகர்மேல் பின்னால் பெண்கள் வைத்த குற்றச்சாட்டுகளுக்கு அப்புறம் அந்த வீடியோவை முன்போல என்னால் பார்க்க முடிவதில்லை. அதற்காக எடுத்தவளின் கை மறந்துபோக வேண்டுமா? அவருக்கு ஒரு தட்டு போட்டிருந்தால் ரோமனெக்கின் இருட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். இவருடையது அடுக்கிவைத்த இருட்டு, அவருடையது காய்ச்சலில் பிதற்றுவது.

இந்த வரிசையில் வேறு இரண்டு தட்டுகளை நண்பனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். கோர்பைனுடையதில் நிர்வாணாவின் 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' (1993) ஒன்றுக்காகவே எடுக்கலாம்: சிலுவை ஏறும் கிழவர், மரத்தில் காய்த்துத் தொங்கும் கருக்கள், எல்லாம் பழைய பக்திப் படக் காலண்டர் நிறத்தில். கிளேசருடையதில் 'ராபிட் இன் யுவர் ஹெட்லைட்ஸ்' (1998). சுரங்கப்பாதையில் தனக்குள் முனகிக்கொண்டே நடக்கும் ஒருவனைக் கார்கள் இடித்துத் தள்ளுகின்றன, எழுந்து எழுந்து நடக்கிறான். முடிவைச் சொல்ல மாட்டேன். கையில் காசு ஒரு தட்டுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் இன்னமும் ரோமனெக்கைத்தான் சொல்வேன். கன்னிங்ஹாமை மட்டும் குழந்தைகள் தூங்கியபின் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் வீட்டில் டிவிடி போடுகிற இயந்திரம் இருக்கிறதா, வெளிநாட்டுத் தட்டை அது எடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பழைய டெக்கைப் பரணிலிருந்து இறக்கி, ரிமோட்டுக்கு பேட்டரி தேடி, ஒரு ஞாயிறு போயிற்று. விற்பவரிடம் தட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அட்டைப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்பா "அந்தத் தாத்தா பாட்டைப் போடுடா" என்கிறார். எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டும் பொத்தானை நான் தொடுவதே இல்லை. மெனுவில் நேராக அந்த ஒரு பெயருக்குப் போய் நிற்கிறேன். வழியில் விரல் தவறினால் பன்றித் தலை.